அப்பாவுக்கு மார்ஃபின் டோஸ் குறைக்க வழி இருக்கா?

கரூர்_பொண்ணு:
அப்பாவுக்கு கணையத்துல கேன்சர், ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. மார்ஃபின் 20 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ குடுக்குறோம், மேல்வயித்துல ஆரம்பிச்சு முதுகுல குத்துற வலி அடங்குது ஆனா நாள்பூரா தூக்கம், சோத்த வாயில வச்சுக்கிட்டே கண்ண மூடிடுறாரு, மோஷனும் சரியா போகல. சித்தப்பா வேற அது போதை மருந்து நிறுத்துங்கிறாரு. மாத்திரைய கம்மி பண்ணி வலிய அடக்க வேற வழி இருக்கா?

மதுரை_நர்ஸ்:
சித்தப்பா பேச்ச கேட்டு படக்குனு நிறுத்திடாதீங்க, வலி திரும்புறதோட வாந்தி வேர்வைன்னு படுத்தி எடுத்துரும். மார்ஃபினோட மலமிளக்கியும் சேத்து எழுதணும், தூக்கம் பழகப் பழக கொறையலாம், மலச்சிக்கல் லேசுல போகாது. சீட்டுல லாக்டுலோஸ், பைசாகோடில் எதாச்சும் இருக்கா பாருங்க. எழுப்பினாலும் முழிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா வருதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

சும்மா_ஒருத்தன்:
கணையம்னா சீலியாக் பிளெக்ஸஸ் பிளாக் பத்தி கேளுங்க. கணைய வலி முதுகெலும்புக்கு முன்னால இருக்க ஒரு நரம்புப் பின்னல் வழியாத்தான் மேல போகுது, ஸ்கேன் பாத்து ஊசிய விட்டு ஆல்கஹால் போட்டு அந்த நரம்ப செயலிழக்க வைப்பாங்க. பெயின் கிளினிக்ல இருக்க மயக்க டாக்டருங்க செய்வாங்க. எங்க மாமாவ குப்புற படுக்க வச்சு முதுகுப்பக்கமா போட்டாங்க, முடிஞ்சதும் பிபி இறங்குச்சுன்னு டிரிப்ஸ் ஓடுச்சு, அப்புறம் கொஞ்ச நாள் வயித்துப்போக்கு. வலி சுத்தமா போகல, ஆனா மார்ஃபின் பாதியாச்சு, திண்ணைல உக்காந்து பேப்பர் படிக்க ஆரம்பிச்சாரு. சில மாசம்தான் தாங்கும். செய்றதுன்னா சீக்கிரம் செய்ங்க, கட்டி சுத்திப் பரவிட்டா மருந்து நரம்புக்கு சரியா போய்ச் சேராது.

மதுரை_நர்ஸ்:
ஆமா, ஆனா வலி போயிட்டா பழைய டோஸே ஓவராயிரும், அதுவரைக்கும் தூங்கவிடாம வச்சிருந்ததே அந்த வலிதான். எப்படி இறக்கணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க.

இட்லி_பிரியன்:
எலும்புக்குப் பரவின வலின்னா கத வேற, ஒரே தடவ 8 கிரே (கிரேங்கிறது கதிர் அளவு) ரேடியேஷன்லயே நிறைய பேருக்கு கொறையுது, பலன் தெரிய சில வாரம் ஆகலாம். டைக்ளோபினாக்னு வலி மாத்திரைய மெடிக்கல்ல வாங்கி நீங்களா சேக்காதீங்க, கிட்னி அடிவாங்கும். பிரீகாபாலின் நரம்பு வலிக்கு குடுப்பாங்க, அதுவும் தூக்கம்தான்.

கரூர்_பொண்ணு:
சீட்டுல மலமிளக்கியே இல்லைங்க 😡 திங்கக்கெழம ஓபிக்கு போறப்ப ரெண்டையும் கேக்குறேன். அந்த ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் எதாச்சும் உண்டா?

சும்மா_ஒருத்தன்:
ரத்தம் உறையுறது சரியா இருக்கான்னு பாப்பாங்க. அப்பா ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எதும் எடுத்தா மொதல்லயே சொல்லிருங்க, அத நிறுத்த வேண்டி வரலாம்.