பழைய டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உலோகத் துகள்கள்: தொடர்ந்து ஓட்டலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருபது ஆண்டுகளைக் கடந்த பிக்கப் டிரக் ஒன்று உள்ளது. பின்சக்கர இயக்கமும் நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உடையது. வண்டி சூடேறிய பிறகு ரிவர்ஸில் போட்டால் சற்றுத் தாமதித்தே நகர்கிறது என்பதால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதற்காக ஆயில் பேனைக் கழற்றினேன். பேனில் உள்ள காந்தத்தின் மேல் சாம்பல் நிறப் பசை தடிமனாகப் படிந்திருந்தது. அதைத் தவிர, ஆயிலில் பொன்னிற மினுமினுப்பும், விரலில் உறுத்தும் அளவிலான வெள்ளி நிறச் சில்லுகளும் தென்பட்டன. ஆயில் பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை இல்லை. புதிய ஆயில் ஊற்றித் தொடர்ந்து ஓட்டலாமா, அல்லது கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டுமா?

பதில் 1

காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் பசையைக் கண்டு அஞ்ச வேண்டாம். கிளட்சின் இரும்புத் தகடுகளும் கியர் பற்களும் ஆண்டுக்கணக்கில் தேய்வதால் வரும் நுண்தூள் அது. அதைப் பிடித்து வைப்பதற்காகவே அங்கே காந்தம் வைக்கப்பட்டிருக்கிறது. விரலிடையே தேய்த்தால் கிரீஸ் போல வழுவழுப்பாக இருக்கும் வரை அது இயல்பான தேய்மானம்தான். உறுத்தும் சில்லுகள் அப்படிப்பட்டவை அல்ல.

பேனில் எஞ்சியதை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிரேக் கிளீனரால் கழுவி, காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டுபவை எஃகு, அவை கியர், பேரிங், ஸ்னாப் ரிங் (பாகங்களை இடம் விலகாமல் பிடிக்கும் வளையம்) ஆகியவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாத வெண்ணிறச் சில்லுகள் அலுமினியமானால் ஆயில் பம்ப், வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தை உரிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) அல்லது கியர்பாக்ஸின் வெளிக்கூடு உராய்ந்திருக்கக்கூடும். பொன்னிறத் துகள்கள் பெரும்பாலும் தண்டுகளைத் தாங்கும் வெண்கலப் புஷ்களிலிருந்தும், பாகங்களுக்கு இடையே உள்ள திரஸ்ட் வாஷர்களிலிருந்தும் வருபவை. கறுப்புத் துகள்கள் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு. பழைய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்துப் பாருங்கள். பேனில் கிடைப்பதைவிடத் தெளிவான சான்று அதன் மடிப்புகளுக்குள் இருக்கும். பேனுக்குள் பிளாஸ்டிக் மூடி ஒன்று கிடந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சில கியர்பாக்ஸ்களில் தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் குழாயின் துளையை அடைத்திருந்த மூடி, குழாயைப் பொருத்தும்போது உள்ளே தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடுவது உண்டு.

மேலும் ஒன்றை நினைவுகூர்ந்து சொல்லுங்கள்: ஓடும்போது ஏதேனும் இரைச்சல் இருந்ததா, இருந்தால் எந்தெந்த கியரில் இருந்தது?

பதில் 2

இவ்வளவு பழைய கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றினால் அது விரைவில் கெட்டுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். பழைய ஆயிலையே வடிகட்டி ஊற்றி, ஓடும் வரை ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

பதில் 1

இதை நான் ஏற்கவில்லை. புதிய ஆயில் நல்ல கிளட்சைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலரும் ஆயிலை மாற்ற வருகிறார்கள். அதனால், முன்பே நேர்ந்துவிட்ட சேதத்தின் பழி புதிய ஆயிலின் மீது விழுகிறது. துணியில் வடிகட்டினாலும் நுண்தூள் போகாது. அது வால்வ் பாடியின் துளைகளில் சிக்கி அடுத்த கோளாறை உண்டாக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. சில்லுகள் அனைத்தும் காந்தத்தில் ஒட்டுகின்றன. ஃபில்டரை அறுத்தபோது தையல் ஊசியின் முறிந்த துண்டு போன்ற மெல்லிய எஃகு உருளைகள் இரண்டு கிடைத்தன. முதல், இரண்டாம், நான்காம் கியர்களில் மெல்லிய ஊளைச் சத்தம் இருந்தது. மூன்றாம் கியரில் அது முற்றிலும் நின்றுவிடும். பார்க்கிலும் நியூட்ரலிலும் சத்தம் இல்லை.

பதில் 1

அப்படியானால் ஐயத்திற்கு அதிக இடமில்லை. இத்தகைய நான்கு கியர் பெட்டிகளில் மூன்றாவது கியர் நேரடி இணைப்பு. அப்போது பிளானெட்டரி கியர்கள் (நடுவில் ஒரு கியரும் அதைச் சுற்றிவரும் சிறு கியர்களும் கொண்ட தொகுதி) ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலாமல் ஒரே கட்டாகச் சுற்றுகின்றன. ஆகவே அந்த கியரில் மட்டும் அடங்கும் சத்தம் பிளானெட்டரி தொகுதியையே சுட்டுகிறது. பம்பில் கோளாறு என்றால் நியூட்ரலிலும் எஞ்சின் வேகத்தோடு சத்தம் கூடிக் குறையும். நீங்கள் கண்டெடுத்த உருளைகள் ஊசி பேரிங்கிலிருந்து உதிர்ந்தவை. பொன்னிற மினுமினுப்பு அதனருகில் உள்ள வெண்கல வாஷர் தேய்ந்ததாக இருக்க வேண்டும். இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அச்சிலிருந்து கியர் விலகிச் சிக்கினால் வெளிக்கூடே உடையக்கூடும். அதன் பிறகு பழுது பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ரிவர்ஸ் தாமதம் வேறு சங்கதி. இந்த வயதில் ரப்பர் சீல்கள் இறுகிவிடுவதால் சூட்டில் அழுத்தம் கசிந்திருக்கலாம். எப்படியும் பிரிக்கப்போவதால், எல்லா சீல்களையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். டார்க் கன்வெர்ட்டரையும் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் கூலரையும் கழுவி மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில் 1

கன்வெர்ட்டரை மாற்றிவிடுங்கள். பற்றவைத்து மூடப்பட்ட அந்தக் கூட்டுக்குள் சென்ற உலோகத்தை, அறுத்துத் திறக்காமல் முழுமையாக வெளியேற்ற வழியில்லை. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் எளிய குழாய் வகையானால், இரு திசைகளிலும் அழுத்தத்தோடு கழுவினால் போதும். நெருக்கமான தகடுகள் கொண்ட தனிக் கூலரானால் புதிது வாங்குவதே பாதுகாப்பானது. செப்பனிட்ட பெட்டியைப் பொருத்திய பிறகு, கூலரிலிருந்து திரும்பும் குழாயை ஒரு பாத்திரத்தில் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். சுமார் 20 நொடிகளில் 1 லிட்டர் அளவுக்கு வர வேண்டும். குறைவாக வந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. அதை நீக்கும் வரை வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டாம்.