31 கிழமையில் பன்னீர்க்குடம் கசிகிறது, பிள்ளைக்கு என்ன ஆகும்?

களுவாஞ்சிக்குடி அக்கா:

என் தங்கச்சிக்கு இது தலைப்பிள்ளை, 31 கிழமை. வெள்ளி இரவிலிருந்து உள்ளாடை நனைந்துகொண்டே இருந்திருக்கிறது. குடம் உடைந்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், இது சொட்டுச் சொட்டாக வந்ததால் சலம் அடக்க முடியாமல் போகிறது என்று அம்மாவும் சொல்லிவிட்டார், நோவும் இல்லை. ஞாயிறு காலை எழும்பியபோது பாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், சல மணமே இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸுக்கு போன் அடித்தேன், ஒரு நிமிசமும் வைத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

இப்போது வாட்டில் இருக்கிறாள். இடுப்பில் ஊசி போட்டார்கள், குளிசை கொடுக்கிறார்கள், அடிக்கடி காய்ச்சல் பார்க்கிறார்கள், ஆனால் பிள்ளையை எடுக்கவில்லை. குடம் உடைந்த பிறகும் உள்ளே விட்டு வைப்பது சரியா? அவளுடைய மாமி வேறு, கிரகணத்தன்று மீன் வெட்டியவள்தானே, பிள்ளை ஊனமாகத்தான் வரும் என்று வாட்டிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரவெல்லாம் அழுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, அக்கரைப்பற்று:

தங்கச்சி, பிரசவ வாட்டில் நிறைய வருசம் நின்றவள் சொல்கிறேன், சரியாகத்தான் செய்கிறார்கள். பிள்ளையைச் சுற்றி இரண்டு சவ்வு, உள்ளே அம்னியன், வெளியே கோரியன். அம்னியனுக்கு நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை, அதனால்தான் கிழிந்தாலும் நோகாது, நம் பெண்கள் இரண்டு மூன்று நாள் சலம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். குடம் உடையாமல் இருக்கும்வரை கீழிருந்து கிருமி ஏறுவது கடினம். உடைந்தால் வாசல் திறந்த மாதிரி. 37 கிழமைக்கு முன்னால் இப்படி உடைவது நூறு கர்ப்பத்தில் மூன்றில் நடக்கும், சலத்தில் கிருமி, இரட்டைப் பிள்ளை, தண்ணீர் மிகுதி, இடையில் இரத்தம் போனது என்று காரணம் பல, பலருக்குக் காரணமே தெரியாது. மீன் வெட்டியது அந்தப் பட்டியலில் இல்லை!

அந்த ஊசி ஸ்டீரொயிட், பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் தயார்ப்படுத்த. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டொக்டர் ஆட்டுக்குட்டிகளில் இதைக் கவனித்து, 1972இல் ஹோவியோடு சேர்ந்து தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார், அதன் பிறகு எத்தனையோ குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத்திணறலிலிருந்து தப்பியிருக்கின்றன. முழுப்பலன் வர ஒரு நாளாவது எடுக்கும். குளிசை கிருமி ஏறாமல் இருக்க, அனேகமாக எரித்ரோமைசினாக இருக்கும். காய்ச்சல், நாற்றம், வயிற்று நோவு, பிள்ளையின் இதயத்துடிப்பில் மாற்றம் இவை எதுவும் இல்லாவிட்டால் 34 கிழமை தாண்டும்வரை, சிலரை 37 வரைகூட, வைத்திருக்கப் பார்ப்பார்கள். உள்ளே கழியும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். ஆனால் பாதிப்பேருக்கு மேல் ஒரு கிழமைக்குள் நோவு வந்துவிடும், அதற்கும் மனதைத் தயார் செய்யுங்கள்.

வெள்ளைத் துவாய் வைக்கச் சொல்லுங்கள், நிறம் தெரியும். பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தாலும், நாறினாலும், பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும் மிஸ்ஸை உடனே கூப்பிட வேண்டும், காலை ரவுண்ட் வரை பார்த்திருக்கக் கூடாது.

கல்லடி அம்மா:

எனக்கு 29 கிழமையில் உடைந்தது. நான் கேட்ட இடத்தில் அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள் என்றுவிட்டார்கள், நானும் இருந்துவிட்டேன், மூன்றாம் நாள் குளிர்காய்ச்சலோடுதான் போனேன், அதற்குள் சவ்விலேயே கிருமி பிடித்துவிட்டது. அன்றே பிரசவம். மகன் 1.2 கிலோ, பிறந்ததிலிருந்து முனகி முனகி மூச்சு விட்டான், உடம்பு குளிர்ந்துகொண்டே போனது. இரத்தத்தில் கிருமி என்றார்கள்.

பி.பி.யுவில், அதுதான் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தொடும்போது அவனுடைய முழுக் கையும் என் சின்ன விரலைச் சுற்றிப் பிடிக்கப் போதவில்லை. என் பாலைப் பிழிந்து சிறிஞ்சில் எடுத்து, குழாய் வழியாக 2 மில்லி, பிறகு 3 மில்லி என்று கூட்டினார்கள். கழுவிக் கழுவி என் கைத்தோல் வெடித்தே போனது. கொஞ்சம் தேறியதும் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார்கள், கங்காரு முறை, அதைக் கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கண், காது சோதனைகளைத் தவறவிட வேண்டாம். பிள்ளை எழும்பி உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்க்காமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பாருங்கள், நான் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு வருசம் அழுதேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

சாய்ந்தமருது உம்மா:

கிரகணக் கதை என் வீட்டிலும் வந்தது. என் மகளின் இடது கை மோதிர விரலில் நூல் கட்டி இறுக்கியது போல ஒரு வளையம், நடு விரலுக்கு நுனியே இல்லை. இதுவும் அந்தச் சவ்வில் வருவதுதான், ஆனால் வேறு வகை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே உள் சவ்வு கிழிந்து, அதன் நார்கள் விரலிலோ காலிலோ சுற்றி இறுக்கிவிடுகின்றன என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். பரம்பரை இல்லை, அடுத்த பிள்ளைக்கு வருவது மிக அரிது. ஆழமான வளையமென்றால் இரத்த ஓட்டம் தடைப்படும், அதை அறுவைச் சிகிச்சையில் விடுவிப்பார்கள். மகளுக்கும் செய்தோம், அந்த விரலை நன்றாக மடக்குகிறாள்.

உங்கள் தங்கச்சிக்கு நடந்தது அது இல்லை ராத்தா. கை கால் மடங்கிப் போவது, நுரையீரல் வளராமல் போவது எல்லாம் 24 கிழமைக்கு முந்தியே தண்ணீர் வற்றினால்தான் பெரிய பயம், 31 வேறு. அந்த மாமியை இன்னும் ஒரு நாளும் வாட்டுக்குள் விட வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் வாட்டிலிருந்து வந்தேன். இரண்டாவது ஊசியும் போட்டு ஒரு நாள் கழிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, துடிப்பு நன்றாக இருக்கிறதாம். தாதி அக்கா எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், நோகாமல் கிழிந்தது ஏன் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னாள், தான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள். நாளைக்கு வெள்ளைத் துவாய் கொண்டு போகிறேன். மாமியிடம் மச்சான் பேசிவிட்டார்.