கொல்கத்தாவில் முன்பின் தெரியாத ஒருத்தர்: உங்க அனுபவம் என்ன?

பவானிப்பூர்வாசி:

2009-லிருந்து 2011 வரை பவானிப்பூர்ல ஒரு சந்துக்குள்ள குடியிருந்தேன். ஆபீஸ் டல்ஹௌசில. அந்தச் சந்து முனை ரொக்ல உட்கார்ந்திருந்த பெரிசுங்களைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ரொக்னா என்னன்னு அங்க இருந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்க திண்ணைன்னு வெச்சுக்குங்க.

நாலு பேர். ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாப் பிரிச்சுப் படிப்பாங்க. காலைல நான் கிளம்பினா "கோத்தாய்?" சாயங்காலம் திரும்பினா "ஆபீஸ் தேகே?" எங்க போறேன், எங்கேருந்து வரேன்னு தினமும் கணக்கு. ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டு நடையைக் கட்டிடுவேன். எரிச்சலா இருக்கும்.

காலி பண்ற அன்னைக்கு டாக்ஸி டிக்கில பெட்டி ஏத்திட்டிருக்கேன். இருக்கறதுல மூத்தவர் எழுந்து வந்தார். கைல மண் குவளைல டீ. குடிச்சிட்டுப் போன்னார். டிரெயினுக்கு நேரமாச்சுன்னு சொல்லி, எனக்குத் தெரிஞ்ச பெங்காலில "ஜாச்சி"ன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. "ஜாச்சி நா. போலோ ஆஷ்சி." போறேன்னு சொல்லக்கூடாதாம், வரேன்னு சொல்லணுமாம். எங்க பாட்டி வாசப்படில நின்னு அதட்டுறது மாதிரியே இருந்தது. "ஆஷ்சி"ன்னு திருத்திச் சொல்லிட்டு வண்டில ஏறிட்டேன். திரும்பிப் பார்த்தா அந்தக் குவளை ரொக் மேல இருக்கு, ஆவி பறக்குது.

கோரமண்டல் மதியம் 2.50-க்கு. ஹௌரால பெரிய கடிகாரத்துக்குக் கீழ ஒன்றரை மணி நேரம் பெட்டி மேல சும்மா உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உங்களுக்கும் இப்படி யாராச்சும் உண்டா?

ஜன்னல்சீட்டு:

எனக்கு ஒரு மினிபஸ் கண்டக்டர். ரூபா நோட்டை எல்லாம் நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல செருகியிருப்பாங்களே, அந்த ரகம். கரியாஹாட் முக்குல இறங்கணும், செம கூட்டம், லேப்டாப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு படிகிட்ட வந்துட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பஸ் தகரத்தை ரெண்டு தட்டு தட்டி டிரைவர்கிட்ட கத்தினார்: "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!"

மெதுவாப் போ, பொம்பளை இறங்குது, இடுப்புல குழந்தை. அங்க எல்லா கண்டக்டரும் சொல்ற வசனம்தான். பஸ் நின்னுச்சு. ஒரு கிழவி எனக்கு வழி விட்டுட்டுப் பையைக் குனிஞ்சு பார்த்துச்சு, குழந்தை முகம் தெரியுதான்னு. நான் சிரிச்சிருக்கணும். அப்படியே பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டேன். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல.

நெல்லைக்காரன்:

படிக்கப் போன முதல் மாசம். மெஸ் பக்கத்து டீக்கடை. தள்ளுபடில எடுத்த சிவப்பு மஞ்சள் கோடு போட்ட பனியன் போட்டிருந்தேன், வேற ஒரு காரணமும் கிடையாது. கடைக்காரர் டீயைக் கைலயே வெச்சுக்கிட்டு, "துமி கோட்டி, நா பாங்கால்?" அப்படிங்கார்.

நமக்குக் கோட்டின்னா கிறுக்கு. சுருக்குனு ஏறிட்டு. "நீருதாம்வே கோட்டி"ன்னுட்டேன். அவர் நெஞ்சுல தட்டிக்கிட்டு, ஆமா, நான் கோட்டிதான், எங்க தாத்தாவும் கோட்டிதான்னு பெருமையாச் சொல்லுதார்! மேற்கு வங்கத்துப் பூர்வீகம்னா கோட்டி, கிழக்கேருந்து வந்தவங்க பாங்கால், கோட்டின்னா மோகன் பகான் கால்பந்து டீம் பக்கம், நான் போட்டிருந்தது எதிர் டீம் ஈஸ்ட் பெங்கால் கலர்னு மெஸ்ல வந்துதான் தெரிஞ்சுகிட்டேன்.

அந்த வாரம் ரெண்டு டீமும் மோதின டெர்பில மோகன் பகான் தோத்துட்டாங்க. ரெண்டு நாள் கடை திறக்கல. மூணாம் நாள் போனேன், வேற சட்டைதான். இருந்தாலும் அவர் என் சட்டையைத்தான் பார்த்தார். ஜெயிச்சிருந்தா இலிஷ் மீன் வாங்கியிருப்பாங்களாம், பாவம்.

யுவபாரதி மேல்தட்டு:

நெல்லை, தப்பு. மோகன் பகான் ஜெயிச்சா சிங்க்ரி, அதாவது இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சாத்தான் இலிஷ். இதை மாத்திச் சொன்னா உங்களுக்கு டீ கிடையாது, சரியாத்தான் செஞ்சிருக்கார் அவர்.

சும்மா கால்பந்துன்னு நினைக்காதீங்க. 1911-ல மோகன் பகான்ல ஒருத்தரைத் தவிர மத்தவங்க எல்லாரும் வெறுங்காலோட ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1-னு தோற்கடிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டு வாங்கினதை, அங்க நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. எதிர்க்கட்சி உடனே 1975 ஷீல்டு பைனலை எடுப்பான், 5-0. அப்புறம் 1997 ஃபெடரேஷன் கப் அரையிறுதி: சால்ட் லேக் ஸ்டேடியத்துல 1,31,781 பேர், பாய்ச்சுங் பூட்டியா மூணு கோல், ஈஸ்ட் பெங்கால் 4-1. நான் எந்தப் பக்கம்னு புரிஞ்சிருக்கும்.

என் அனுபவம் கேட்டா, ஒரு மேட்ச்ல கோல் விழுந்ததும் பக்கத்துல இருந்தவர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதார். அவ்வளவுதான்.

முழங்கால் தண்ணீர்:

ஜூலை மாதம். காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அரை மணியில் தண்டனியா பக்கம் ஆறு ஓடியது. கை ரிக்‌ஷா ஒன்றுதான் நகர்ந்தது. மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறுவதில்லை என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கையில் இருபது கிலோ புத்தகம். ஏறிவிட்டேன்.

இழுத்தவர் பீகார்க்காரர், என் அப்பா வயது. தெருவே தெரியாத தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் முதலில் கால் விரலால் தடவிப் பார்த்து, பள்ளம் இல்லை என்று தெரிந்த பிறகே எடையை வைத்தார். விரலில் மாட்டிய மணியை வண்டிக் கம்பில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தார். ஆளே இல்லாத தெருவில் யாரை விலகச் சொன்னார்?

இறங்கும்போது கேட்டதற்கு மேலே கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜன்னல்சீட்டு:

@முழங்கால் தண்ணீர் தப்பா நினைக்காதீங்க, நீங்க ஏறாம இருந்திருக்கலாம். ஒரு மணி நேரம் காத்திருந்தா தண்ணி வடிஞ்சிருக்கும்.

முழங்கால் தண்ணீர்:

தண்டனியாவில் ஒரு மணி நேரத்தில் வடியுமா? நீங்கள் கரியாஹாட்டைத் தாண்டி வடக்கே போனதே இல்லை போல. 2006-ல் சட்டமன்றத்தில் தடை மசோதாவே நிறைவேறியது, வண்டி இன்னும் ஓடுகிறது. நான் ஏறாமல் போயிருந்தால் அன்று அவருக்குச் சவாரி போயிருக்கும், அவ்வளவுதான். சரி என்று சொல்லவில்லை. ஏறினேன் என்று சொல்கிறேன்.

லேக் மார்க்கெட் பொண்ணு:

எல்லாரும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்து உருகறேள். நான் பொறந்து வளர்ந்ததே அங்கதான். வாழை இலை, மல்லிப்பூ, ஃபில்டர் காபிப் பொடி எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கற லேக் மார்க்கெட். பவானிப்பூர் சார், உங்களை "கோத்தாய்?"னு கேட்டது உங்களுக்குக் கதை. எங்களுக்கு அது போலீஸ். எண்பதுகளில் டியூஷன் முடிஞ்சு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தா, எந்தப் பஸ், யாரோட வந்தேன்னு மறுநாள் காலம்பற மீன்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கும். எதிர்த்தாப்ல பாடா கிளப்பில், அதான் பேட்டை கிளப்பில், பசங்க பொழுதன்னைக்கும் கேரம். நான் போகறச்சே ஸ்ட்ரைக்கர் சத்தம் நிக்கும். அந்த அமைதியே எனக்குப் பிடிக்காது. அவாளை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு டிசம்பர் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. மூணாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா பால்கனியிலேர்ந்து தமிழ்லயே கத்தினா. அந்தப் பசங்க நாலு பேர் ஓடி வந்தா. அப்பாவை எங்காத்து மர நாற்காலியில் உட்கார வெச்சு, நாற்காலியோட தூக்கிண்டு இறங்கினா. திருப்பத்துல ஒருத்தன் "மேஷோமொஷாய், போய் நேய்"னு சொல்லிண்டே இருந்தான். மாமா, பயப்படாதீங்கோன்னு.

ஆஸ்பத்திரியில் அப்பாவோட ஸ்வெட்டரைக் கழட்டி எங்கிட்ட கொடுத்தா. காப்பிப்பொடிக் கலர். ரெண்டு தோள்லயும் வெள்ளை வெள்ளையா விரல் பதிஞ்சிருந்தது. கேரம் பவுடர்.

அப்பா பிழைச்சு இன்னும் பதினாலு வருஷம் இருந்தார். அந்த நாலு பேரில் ஒருத்தன் பேர்தான் எனக்குத் தெரியும், அதுவும் வீட்டில் கூப்பிடற டாக் நாம். நல்ல பேர் கடைசி வரைக்கும் கேட்டுக்கலை.

அனுபவசாலி:

எல்லாம் படித்தேன். முதலில் பவானிப்பூர்வாசிக்கு: அந்தப் பெரியவர் அன்று மாலையே மறந்திருப்பார், வீணாக மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் சின்னது. காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில், தாகூர் படத்துக்கு எதிர் மேஜையில், ஒரு இன்ஃப்யூஷன் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். தலைப்பாகை கட்டிய சர்வர் தண்ணீர் டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தார், எழுந்து போ என்று ஒரு சாடை கூடக் காட்டவில்லை. 1958 முதல் ஊழியர்களே கூட்டுறவாக நடத்தும் கடை.

இப்போது போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. இன்ஃப்யூஷன் என்றால் பால் இல்லாத காபி, நம் டிகாஷன் என்று ஏமாறாதீர்கள். மதியம் சின்னக் கடைகள் பல அடைத்திருக்கும், சாப்பிட்டுவிட்டு பாத்கூம், அதாவது மதியத் தூக்கம், போடுவார்கள், அந்த நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். புச்கா, அதாவது அந்த ஊர் பானிபூரி, சாப்பிட்டால் கடைசியில் ஒரு ஃபாவ், அதாவது இனாம் ஒன்று, கேட்டு வாங்கவும். கேட்காவிட்டால் கடைக்காரருக்கே ஒரு மாதிரி இருக்கும். பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்கும், சண்டை போடாதீர்கள். வயிறு சரியில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்: கேஸா, ஒம்போலா (நெஞ்செரிச்சலா) என்று விசாரித்து ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள், மாலை ஆகிவிடும். டிராம் ஏற நினைப்பவர்கள் சீக்கிரம் போகவும். 1873-ல் குதிரை இழுத்துத் தொடங்கியது. 2024-ல் எஸ்பிளனேடு-மைதான் வழி தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்துவிட்டது. ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவும் அதே 2024-ல்தான் வந்தது, ஹௌரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு. பூஜை நேரத்தில் தங்க இடம் கிடைக்காது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். ஷூ வேண்டாம், பந்தல் பார்க்க விடிய விடிய நடக்க வேண்டும், பழகின செருப்பே நல்லது.

நெல்லைக்காரன்:

அண்ணாச்சி, யாரு கேட்டா இதெல்லாம்?

பவானிப்பூர்வாசி:

லேக் மார்க்கெட் அம்மா, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

போன மாசம் ஆபீஸ் வேலையா கொல்கத்தா போனேன். ஒரு மணி நேரம் கிடைச்சது, பவானிப்பூர் சந்துக்குப் போனேன். அந்த வீடு புரொமோட்டர் கைக்குப் போயிருக்கு. அஞ்சு மாடி. கீழ கார் நிறுத்த ஷட்டர், தெரு வரைக்கும் வழவழன்னு டைல்ஸ் சரிவு. காவலாளி எழுந்து வந்து யாரைப் பார்க்கணும்னு ஹிந்தில கேட்டார். பேர் தெரியாதே. சும்மாதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

முனைல டீக்கடை மட்டும் இருக்கு. நின்னு ஒண்ணு குடிச்சேன். இப்ப பேப்பர் கப்.

அனுபவசாலி:

மண் குவளை கேட்டால் தருவார்கள், கொஞ்சம் விலை கூட. இன்னொன்று: கோரமண்டல் இப்போது ஹௌராவிலிருந்து இல்லை, ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது. பெரிய கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றுவிடாதீர்கள்.