1978 ட்ரக்கில் இருக்கும் செவர்லே 350 என்ஜின் எந்த ஆண்டினது? கேம்ஷாஃப்ட் வாங்குமுன் உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் நான் 1978ஆம் ஆண்டின் செவர்லே சி-10 பிக்கப் ட்ரக் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் 350 கன அங்குல வி8 என்ஜின் இருக்கிறது. ஆனால் அது வண்டியோடு வந்த என்ஜின்தானா என்பது உறுதியில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் என்ஜினை ஒருமுறை மாற்றியதாகச் சொன்னாரே தவிர, மாற்றாக வந்தது எந்த வண்டியினது என்பது அவருக்கும் நினைவில்லை.

அண்மைக் காலமாக என்ஜினில் டிக் டிக் என்ற ஒலி கேட்கிறது, ஒரு சிலிண்டர் சரியாக எரிவதில்லை, கார்புரேட்டர் வழியாக அவ்வப்போது வெடிப்பொலியும் வருகிறது. வால்வு கவர்களைக் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்ததில், ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) மட்டும் மற்றவை இறங்கும் அளவில் பாதிகூட இறங்கவில்லை. அதைத் தள்ளும் புஷ்ராட் என்ற தண்டு நேராகவே இருக்கிறது, ராக்கர் நட்டும் தளரவில்லை. ஆகவே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் லோப் (அதன் மேலுள்ள முட்டை வடிவப் புடைப்பு) தேய்ந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

உதிரிபாகப் பட்டியலில் 1986 வரையிலான என்ஜின்களுக்கு ஒரு கேம்ஷாஃப்டும், 1987 முதல் 1995 வரையிலானவற்றுக்கு வேறொன்றும் காட்டப்பட்டுள்ளன. வண்டியின் ஆண்டையே சொல்லி வாங்கிவிடலாமா? வால்வு கவர்கள் விளிம்பைச் சுற்றி போல்ட் போடும் பழைய வகை. ஆயில் டிப்ஸ்டிக் பயணி அமரும் பக்கத்தில் இருக்கிறது. இவை உதவுமா?

முதல் பதில்

நண்பரே, வண்டியின் ஆண்டை வைத்து வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களில் டிப்ஸ்டிக்தான் முக்கியமானது. இந்த வகை என்ஜின்களில் 1979 வரை டிப்ஸ்டிக் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தது, 1980 முதல் பயணி பக்கத்துக்கு மாறியது. எனவே உங்கள் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் முதன்மை உடல்) 1980இலோ அதற்குப் பிறகோ வந்தது, வண்டியோடு வந்ததல்ல. வால்வு கவரின் போல்ட் அமைப்பு சிலிண்டர் ஹெட்டைச் சேர்ந்தது. ஹெட்டுகளை ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடுவது மிகவும் வழக்கம் என்பதால், அதை வைத்துப் பிளாக்கின் வயதைத் தீர்மானிக்க முடியாது.

பிளாக்கின் பின்விளிம்பில், கியர்பாக்ஸின் பெல்ஹவுசிங் பொருந்தும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓட்டுநர் பக்கத்து ஹெட்டுக்குப் பின்னே வார்ப்பு எண் (பிளாக்கை வார்க்கும்போதே அதில் பதியும் எண்) புடைப்பாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் தடிமனாகப் படிந்திருக்கும். கம்பித் தூரிகையாலும் கரைப்பானாலும் சுத்தம் செய்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் படியுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே பின்விளிம்பில், பெரும்பாலும் பயணி பக்கத்தில், வார்த்த தேதியும் இருக்கும். இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

இரண்டாம் பதில்

தேதியைப் படிக்கும் முறையை நான் சொல்கிறேன். முதலில் வரும் எழுத்து மாதம், அதாவது ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து வருவது நாள். கடைசியில் வருவது ஆண்டின் இறுதி இலக்கம் மட்டுமே என்பதால், 8 என்றிருந்தால் அது 1968ஆ, 1978ஆ, 1988ஆ என்பது தேதியிலிருந்து மட்டும் தெரியாது. பத்தாண்டைச் சொல்வது வார்ப்பு எண். அதிலும் 3970010 போன்ற எண் 1969 முதல் 1979 வரை பயன்பாட்டில் இருந்ததால், இறுதி இலக்கம் 9 என்று வந்தால் அங்கேயும் ஐயம் மிஞ்சும். ஆண்டின் கடைசி மாதங்களில் வார்த்த பிளாக் அடுத்த மாடல் ஆண்டின் வண்டியில் ஏறியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கின் மேல்தளத்தில் ஒரு சிறு திட்டு உண்டு. தொழிற்சாலை, பொருத்திய தேதி, எந்த வகை வண்டிக்கானது என்பதற்கான எழுத்துகள் ஆகியவை அதில் குத்தப்பட்டிருக்கும். அதையும் பாருங்கள்.

கேட்டவர்

சுத்தம் செய்து பார்த்தேன், ஐயா. வார்ப்பு எண் 14093638. தேதி டி 11 0. முன்பக்கத் திட்டு முற்றிலும் வழவழப்பாக இருக்கிறது, ஒரு எழுத்தும் இல்லை.

இரண்டாம் பதில்

யாரோ மறுசீரமைப்பின்போது மேல்தளத்தைச் சீவியிருக்கிறார்கள், அதனால் குத்தெழுத்து போய்விட்டது. வார்ப்பு எண் இருப்பது போதும். 14093638 என்பது 1987 முதல் 1995 வரையிலான 350 பிளாக். அந்தக் கால அளவில் 0 என்ற இலக்கம் ஒரே ஆண்டுக்குத்தான் பொருந்தும். உங்கள் பிளாக் 1990 ஏப்ரல் 11 அன்று வார்க்கப்பட்டது.

மூன்றாம் பதில்

அப்படியானால் பட்டியலில் 1987–1995 என்று உள்ள கேம்ஷாஃப்டையே வாங்கிவிடலாமே.

முதல் பதிலளித்தவர்

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஆண்டைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் தவறான கேம்ஷாஃப்ட் வாங்கிவிடக்கூடிய இடம் இதுதான். லிஃப்டர் என்பது லோபின் மேல் அமர்ந்து புஷ்ராடைத் தள்ளும் பாகம். 1987இல் இந்த என்ஜின்கள், அடியில் உருளை கொண்ட ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டருக்கு மாறின என்பது கார்களைப் பொறுத்தவரை உண்மை. ட்ரக்குகளுக்கான என்ஜின்களோ 1995 வரை, உருளை இல்லாமல் லோபின் மேல் உரசி இயங்கும் ஃபிளாட் டாப்பெட் வகையிலேயே வந்தன. உங்கள் 14093638 பிளாக் இரண்டிலும் பயன்பட்டது. உங்கள் பிளாக் எதற்குப் போனது என்று சொல்லியிருக்கக்கூடிய குத்தெழுத்து அழிந்துவிட்டது.

ரோலர் கேமும் ஃபிளாட் டாப்பெட் கேமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஃபிளாட் டாப்பெட் கேமின் லோப் சற்றே சரிவாகவும், லிஃப்டரின் அடிப்பாகம் சற்றே குவிவாகவும் கடையப்பட்டிருப்பதால்தான் லிஃப்டர் தன் அச்சில் சுழன்றுகொண்டே இயங்குகிறது. அந்தச் சுழற்சி நின்றால் லோப் தேயும். ரோலர் லிஃப்டர் சுழலவே கூடாது, ஆகவே அதைப் பிடித்து வைக்க வழிகாட்டித் தகடுகள் வேண்டும். மேலும், தொழிற்சாலை ரோலர் கேமின் முன்முனை படியாகச் சிறுத்திருக்கும், டைமிங் கியருக்கான போல்ட் வட்டமும் சிறியது, முன்னால் தடுப்புத் தகடு ஒன்றும் தேவை.

கேமை மாற்ற எப்படியும் இன்டேக் மேனிஃபோல்டையும் டைமிங் கவரையும் கழற்றத்தான் போகிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கழற்றி, உள்ளே எந்த லிஃப்டர்கள் இருக்கின்றன, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழுள்ள பள்ளத்தில் நிற்கும் மூன்று சிறு தூண்களில் மரைத்துளை உண்டா, கேம் துளையின் இருபுறமும் தடுப்புத் தகட்டுக்கான துளைகள் உண்டா என்று பாருங்கள்.

கேட்டவர்

கழற்றிவிட்டேன். உள்ளே இருப்பவை ஃபிளாட் டாப்பெட் லிஃப்டர்கள், வழிகாட்டித் தகடுகள் இல்லை. மூன்று தூண்களும் வார்ப்பில் இருக்கின்றன, ஆனால் துளையிடப்படவில்லை. முன்பக்கத்திலும் தடுப்புத் தகட்டுக்கான துளைகள் இல்லை. ஒரு லிஃப்டரின் அடிப்பாகம் குழிந்துபோயிருக்கிறது. ரோலருக்கு மாற்றிவிடலாமா என்ற எண்ணமும் எழுகிறது.

முதல் பதிலளித்தவர்

ட்ரக் என்ஜின் என்பது ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. ரோலருக்கு மாற்ற முடியாது என்றில்லை. தூண்களுக்கும் தகட்டுக்கும் துல்லியமாகத் துளையிட்டு மரை வெட்ட வேண்டும், அல்லது இணைப்புப் பட்டையுடன் வரும் விலை கூடிய ரோலர் லிஃப்டர்களை வாங்க வேண்டும். தொழிற்சாலை வகை ரோலர் லிஃப்டர்கள் உயரமானவை என்பதால் புஷ்ராடும் சுமார் 7.8 அங்குலத்திலிருந்து 7.2 அங்குலமாகக் குறையும். எஃகுக் கேமுக்கு இசைவான டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் வேண்டும். அன்றாடம் சுமை இழுக்கும் ட்ரக்குக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. குறைந்த வேகத்தில் இழுவை தரும் மிதமான ஃபிளாட் டாப்பெட் கேமையும், 16 புதிய லிஃப்டர்களையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய லிஃப்டர் ஒன்றுகூடப் புதிய கேமின் மேல் உட்காரக் கூடாது.

இந்தக் கேம் 1978 பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகும் என்பதால், மற்றவற்றையும் 1978 என்று சொல்லி வாங்கிவிடாதீர்கள். 1986 முதல் பின்பக்க மெயின் சீல் (கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) ஒரே துண்டாக மாறிவிட்டது, அதற்கேற்ப ஆயில் பான் கேஸ்கெட்டும் வேறு. டைமிங் கவரைக் கழற்றியபோது பானின் முன்பக்க அடைப்பு கலைந்திருக்கும், அந்தக் கேஸ்கெட்டை 1990 என்று சொல்லியே கேளுங்கள்.

இரண்டாம் பதில்

தேய்ந்த லோபின் இரும்புத் துகள் ஆயிலோடு என்ஜின் முழுவதும் சுற்றியிருக்கும். பானை இறக்கிக் கழுவி, ஓரிரு பேரிங்குகளைத் திறந்து கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிய கேமைப் போடுங்கள். தேய்மானத்தைக் குறைக்கும் துத்தநாகச் சேர்க்கை போதிய அளவில் உள்ள ஆயிலாக வாங்குங்கள், இன்றைய சாதாரணக் கார் ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி அழுத்தம் ஏறிய பிறகே என்ஜினைக் கிளப்புங்கள். கிளப்பியதும் ஐடிலில் விடாமல், 2000 முதல் 2500 சுற்றுக்குள் ஏற்றியிறக்கி, குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.