மூன்றாவது வாரத்திலேயே கம்பைக் கீழே போட்டுவிட்டான், என்ன செய்யலாம்?

பேட்டைக்காரன் கேட்டது:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறேன். அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. எதைத் தொடங்கினாலும் பாதியில் விடுகிறவன். கீபோர்டு இரண்டு மாதம், இந்தி ஒரு மாதம், செஸ் பத்து நாள். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அழித்து அழித்துத் தாளை ஓட்டையாக்கிவிட்டு எழுந்து போய்விடுவான்.

சிலம்பம் கற்றால் பிள்ளைக்கு ஒழுங்கும் விடாமுயற்சியும் வரும் என்று பலர் சொன்னதால் ஜூன் மாதம் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வகுப்பில் சேர்த்தேன். செவ்வாய், வியாழன், சனி. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. சேர்த்த அன்றே நல்ல மூங்கில் கம்பாகப் பார்த்து ஐந்தரை அடியில் ஒன்று வாங்கினேன். பள்ளிச் சீருடை எடுப்பதுபோல, வளர்ந்தாலும் ஆகட்டும் என்று. வகுப்பு முடியும்வரை நானும் சுவரோரம் நிற்பேன். தப்பாகச் சுற்றினால் "கையை உயர்த்து, காலைப் பார்" என்று குரல் கொடுப்பேன். வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவேன். மைத்துனர்களும் சித்தப்பாமாரும் "எப்போது மேடை ஏறப் போகிறாய்?" என்று கேட்டு எழுதுவார்கள்.

முதல் வாரம் துள்ளிக்கொண்டு போனான். இரண்டாம் வாரம் முழங்கையில் அடி, காதில் அடி. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி, வியாழக்கிழமை தலைவலி, சனிக்கிழமை நேராகவே "வரமாட்டேன்" என்றான். வேடிக்கை என்னவென்றால், மறுநாள் சேரன்மகாதேவியில் என் அம்மா வீட்டுக்குப் போனபோது, தரை துடைக்கிற மாப் குச்சியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தானாம். ஆச்சி திட்டியும் கேட்கவில்லையாம்.

கட்டாயப்படுத்தி அனுப்புவதா? கராத்தேக்கு மாற்றுவதா? மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருக்கிறேன் என்பது தனி வயிற்றெரிச்சல்.

வள்ளியூர் அம்மா:

அண்ணாச்சி, என் மகள் கராத்தே கற்கிறாள், இது ஐந்தாவது வருடம். அனுபவத்தில் சொல்கிறேன், கராத்தேக்கு மாற்றினால் அங்கேயும் மூன்றாவது வாரம் என்று ஒன்று வரும்.

முதலில் சேர்த்த வகுப்பின் பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், வந்தவர்கள் அனைவரும் தேர்ச்சி. ஒன்றரை வருடத்தில் பச்சை பெல்ட் இடுப்புக்கு வந்துவிட்டது, நேராக ஒரு குத்து வரவில்லை. வேறு இடத்தில் சேர்த்தபோது அந்த ஆசிரியர் மறுபடியும் வெள்ளை பெல்ட்டைக் கட்டச் சொன்னார். மூன்று நாள் அழுதாள். கட்டிய பணத்தை நினைத்து நானும் அழுதேன்.

அங்கே ஷோட்டோகான் என்ற கராத்தே முறையில் ஹெய்யான் ஷோதான் என்ற கட்டாவை, அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்கிற அசைவுத் தொடரை, ஏழு மாதம் செய்யவைத்தார்கள். மொத்தம் இருபத்தொரு அசைவு. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இவள் தினமும் ஒரு முழம் தள்ளிப்போய் முடிப்பாள். வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு பள்ளி விட்டு வந்ததும் அதிலேயே கிடந்தாள். ஒரு நாள் குறியின்மேலேயே வந்து நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன்.

இந்தக் கட்டாக்களே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அமைந்தவை என்று அந்த ஆசிரியர் சொன்னார். ஒக்கினாவாவில் இடோசு அங்கோ என்பவர் 1900-களின் தொடக்கத்தில் பள்ளிகளில் கற்பிப்பதற்காக ஐந்து சிறு கட்டாக்களை உருவாக்கினாராம். அவருடைய மாணவர் ஃபுனகோஷி அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். அவரும் பள்ளி ஆசிரியர்தான். அதனால் பிள்ளைகள் சலித்துக்கொள்வது அவர்களுக்கும் புதிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அம்பை மாமா:

தம்பி, விடாதீர்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகவும் வைத்தார்கள். இப்போதிருந்தே சான்றிதழ் சேர்த்தால் பிற்காலத்துக்கு ஆகும். பையனை உட்காரவைத்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முக்கூடல் கம்பு:

தம்பி, நான் தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. அதனால் எவன் வராவிட்டாலும் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

அம்பை அண்ணாச்சி சொன்னது உண்மைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அரசு வேலையைப் பற்றிப் பேசினால் அவன் மாப் குச்சியையும் கீழே போட்டுவிடுவான்.

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். முதலில் கம்பைச் சொல்கிறேன். பிள்ளையை நேராக நிறுத்திக் கம்பைப் பக்கத்தில் ஊன்றினால் நெற்றி உயரத்துக்கு வர வேண்டும். அவன் வயதுக்கு ஏறக்குறைய நான்கு அடி. நீங்கள் வாங்கியது உங்களுக்கான கம்பு. அதை அவன் சுற்றினால் ஒரு முனை தரையில் இடிக்கும், மறுமுனை காதுக்கு வரும். சீருடை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம், கம்பை எங்கே மடிப்பது? மாப் குச்சி அவன் உயரத்துக்குச் சரியாக அமைந்திருக்கிறது. மெல்லிய பிரம்பாக ஒன்று வாங்குங்கள். பிடித்தால் அவன் பெருவிரலும் நடுவிரலும் தொட வேண்டும். அவ்வப்போது நல்லெண்ணெய் தடவி நிழலில் வைக்க வேண்டும். தடவுகிற வேலை அவனுடையது, நீங்கள் தொடாதீர்கள்.

அடுத்தது சுவரோரம் நிற்கிற ஆள். உங்கள் மகன் கம்பை விடவே இல்லை தம்பி, கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே ஆச்சி திட்டுவது குச்சிக்காக. அவன் சுற்றிய சுற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். வள்ளியூர்த் தங்கச்சியின் மகளும் குறியின்மேல் வந்து நின்றபோது யாரையும் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? தப்பாகச் செய்துபார்க்கப் பிள்ளைக்கு ஒரு மறைவு வேண்டும். உங்கள் பையனுக்குச் சுவரோரம் ஒருவர், போனுக்குள் இருபது பேர்.

நான் கற்றது 1970-களில், தாமிரபரணி மணலில். என் ஆசான் பீடி சுற்றிப் பிழைத்தவர். இரண்டு மாதம் கம்பே தரவில்லை, காலடி மட்டும்தான். தண்ணீரோரம் ஈர மணலில் முன்னே போய், அதே தடத்தின்மேல் கால் வைத்துப் பின்னே வர வேண்டும். சொல்லிவிட்டு அவர் தூரத்தில் மருத மரத்தடிக்குப் போய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டுவார். அவர் தலை நிமிர்ந்ததை நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டுப் போய்க் கூப்பிட்டால் வந்து மணலை மட்டும் பார்ப்பார். தடம் இரட்டையாக விழுந்த இடத்தில் விரலை வைத்து "இங்கே" என்பார். அன்றைய பாடம் அவ்வளவுதான். நான் தடுக்கி விழுந்ததையும் எரிச்சலில் மணலை உதைத்ததையும் அவர் கண்டுகொண்டதே இல்லை. இப்போது ஆற்றில் அந்த மணல் இல்லை, அது வேறு வழக்கு. நான் கோயில் மைதானத்தில் சாம்பல் தூவிக்கொள்கிறேன்.

ஆசான் இன்னொன்றும் சொல்வார். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801-இல் ஊமைத்துரையையும் தூக்கிலிட்ட பிறகு, இந்தச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினியார் உத்தரவு போட்டார்கள். "வாளைப் பிடுங்கலாம், வேலைப் பிடுங்கலாம், மாடு மேய்க்கிறவன் கையில் இருக்கிற கம்பை என்ன சொல்லிப் பிடுங்குவான்?" என்று சிரிப்பார். கொல்லையிலும் தொழுவத்திலும் கிடந்து பிழைத்த வித்தை இது. மேடைக்கு அவசரமில்லை.

விடாமுயற்சி கம்பில்தான் தெரியும் என்றும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் களம் முழுவதும் முழங்கால் அளவு சேறு. கம்புகளை ஆறு கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் ஒன்பது நாள் மண்வெட்டியோடு விடாமல் வந்தவன் ஒரு பையன். அவனுக்கு இன்றுவரை இரட்டைச் சுற்று ஒழுங்காக வராது. போட்டியில் கோப்பை வாங்கிய இரண்டு பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சேறு அள்ளியதை எந்தக் குழுவில் போடுவது?

கட்டாயப்படுத்துவதா என்று கேட்டீர்கள். கட்டணம் கட்டிய மூன்று மாதம் முடியும்வரை போக வேண்டும் என்று சொல்லுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு முடிவு அவனுடையது. வாசலில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். திரும்பி வரும்போது என்ன கற்றாய் என்று கேட்காமல் பசிக்கிறதா என்று கேளுங்கள். குழுவில் வீடியோ எங்கே என்று கேட்டால் போன் பழுதாகிவிட்டது என்று சொல்லுங்கள். அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். விட்டுவிட்டு வந்துவிட்டால் உள்ளே பிள்ளையை அடிக்கிறார்களா, எப்படி நடத்துகிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

வள்ளியூர் அம்மா:

பெண் பிள்ளையை அனுப்புகிறவள் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். திறந்த வெளியில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் நடக்கும் வகுப்பாக இருக்க வேண்டும். பெற்றோர் வரக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற இடம் என்றால் எவ்வளவு பெரிய ஆசான் என்றாலும் வேண்டாம். நான் மாதம் இரண்டு தடவை மகளுக்குத் தெரியாமல் போய் எதிர்க் கடையிலிருந்து பார்த்துவிட்டு வருவேன். தண்டனை என்று தோப்புக்கரணம் போடவைப்பார்கள், அது பரவாயில்லை. கை நீட்டினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முக்கூடல் கம்பு:

தங்கச்சி சொன்னதுதான் சரி. என் களத்துக்கும் அப்படியே வந்து பார்க்கலாம். எதிரே டீக்கடை இருக்கிறது.

பேட்டைக்காரன், ஐந்து வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. நான்கு அடியில் பிரம்பு வாங்கினேன். வாசலில் இறக்கிவிட்டுப் பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் அங்கே உட்காருவது எனக்குத்தான் பெரிய தண்டனையாக இருந்தது. மூன்று டீ குடித்தேன். குழுவில் போன் பழுது என்று சொன்னேன்; மைத்துனர் புது போன் வாங்கித் தருகிறேன் என்கிறார், அதை எப்படிச் சமாளிப்பது என்று அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மறுபடியும் வயிற்றுவலி வந்தது. மூன்று மாதப் பேச்சை நினைவூட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். மற்ற நாள்களில் வலி இல்லை. எப்படிச் சுற்றுகிறான் என்று எனக்குத் தெரியாது, இதுவரை பார்க்கவில்லை. கணக்கு நோட்டில் ஓட்டை இன்னும் விழுகிறது.

முந்தாநாள் இரவு சாப்பிடும்போது அவனாகவே, "அப்பா, வீட்டில் சாம்பல் கிடைக்குமா?" என்று கேட்டான். எதற்கு என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? நேற்று அம்மாவுக்குப் போன் செய்து விறகடுப்புச் சாம்பல் ஒரு பை எடுத்து வைக்கச் சொன்னேன். தருகிறேன், ஆனால் முதலில் என் மாப் குச்சியைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்கிறாள்.