பீஃபாஸுக்குத் தமிழில என்ன சொல்லுவம்?

வணக்கம் அண்ணை,

பீஃபாஸுக்கு (PFAS, லேசில அழியாத, மனிசன் செய்த புளோரீன் இரசாயனங்கள், ஆங்கிலத்தில forever chemicals எண்டுவினம்) நீங்கள் எழுதின "நிலைபேறு இரசாயனம்" பாத்தன். குறை நினையாதேங்கோ, எங்கட பக்கம் உது சரிவராது. நிலைபேறான அபிவிருத்தி எண்டு திட்டப் பலகை எல்லாத்திலயும் எழுதி எழுதி அது நல்ல சொல்லாப் போச்சு, இனி நிலைபேறு இரசாயனம் எண்டா எங்க வேண்டலாம் எண்டுதான் சனம் கேக்கும். அக்கா சொன்ன "சேதனப் புளோரீன் சேர்வை" பிழையில்ல, ஆனா 2021ல அரசாங்கம் யூரியாவை நிப்பாட்டிப்போட்டு சேதனப் பசளை போடச் சொல்லி வயல் மஞ்சளாக் கிடந்ததைப் பாத்த ஆக்களுக்கு சேதனம் எண்டாலே வயிறு எரியும். "அழியா" எண்டா புகழுக்கும் செல்வத்துக்கும் சொல்லுறது. பீஃபாஸ் எண்டே விடுவம் எண்ட தம்பி ஒருக்கா ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையளுக்குச் சொல்லிப் பாரும், முதலெழுத்தோடயே வகுப்பு குலைஞ்சுபோம்.

பெரிய சிக்கல் கிணறுதான். நான் இருக்கிறது நெடுங்கேணிப் பக்கம். மாமி கிழமைக்கு ரெண்டுதரம் கானைக் கொண்டு ஆர்ஓ தண்ணிக்குப் போறவ, கிணத்துத் தண்ணியில புளோரைட்டு, பல்லில காவி பிடிக்கும் எண்டு. அவவுக்கு இந்தப் புளோரீன் சாமானைப் பற்றிச் சொல்லத் தொடங்க, "ஓம் தெரியும், அதானே தண்ணி வேண்டுறன்" எண்டு கதையை முடிச்சிட்டா. அது பாறையில இருந்து கரைஞ்சு வாறது, இது மனிசன் செய்தது, காபனோட புளோரீன் இறுகப் பிணைஞ்சு கிடக்கு, வெயிலும் பக்ரீரியாவும் லேசில பிரிக்காது. அளவும் எங்கயோ எங்கயோ: புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், பீஃபாஸில ரெண்டு வகையான பிஎஃப்ஓஏக்கும் பிஎஃப்ஓஎஸுக்கும் அமெரிக்கா 2024ல வைச்சது தலா 4 நனோகிராம், மூண்டரை இலட்சம் மடங்குக்கும் மேல வித்தியாசம். (பகிடி என்னெண்டா ஆர்ஓ ரெண்டையும் பிடிக்கும், அதால மாமி தப்பிட்டா. காய்ச்சினா ரெண்டும் போகாது.)

forever chemicals எண்ட ஆங்கிலப் பேர் 2018ல ஜோசப் அலன் எண்ட ஹார்வர்ட் பேராசிரியர் வைச்சது, ரெண்டு சொல்லின்ர முதலெழுத்தும் எஃப், சி, புளோரீனும் காபனும். உந்த விளையாட்டுத் தமிழில வராது, வரவும் தேவையில்ல.

பிரதேசசபை வண்டி வரேக்க உக்கிறது வேற உக்காதது வேற எண்டு சனம் பிரிச்சு வைக்குது. அதையே எடுப்பம்: உக்காப் புளோரோச்சேர்வை. இந்தியாவில மக்காத எண்டுவினம், எங்களுக்கு மக்கு எண்டா பாடம் ஏறாத பொடியன்.

---

தம்பி,

நிலைபேறை விட்டிட்டன். ஆனா பொலித்தீனும் உக்காததுதானே, அது கண்ணுக்குத் தெரியும், வேலியில தொங்கும். இது மழைக்கோட்டு, எண்ணெய் ஊறாத கடதாசிப் பெட்டி, தீயணைக்கிற நுரை, வீட்டுத் தூசி எண்டு எங்கயெங்கயோ இருந்து தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வந்து ரத்தத்தில புரதத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும், பாதியாக் குறையவே வருசக்கணக்கு, தாய்ப்பாலிலயும் போகும். உம்மட சொல் மண்ணில கிடக்கிறதைச் சொல்லுது, உடம்பில கிடக்கிறதைச் சொல்லேல்லையே?

---

அண்ணை,

நீங்கள் கேக்கிறது சரி, ஆனா ரெண்டையும் ஒரு சொல்லுக்குள்ள திணிச்சா வாயில நுழையாது. உடம்புக்கு வேற சொல் வைப்பம், தேக்கம். குளம் தெரிஞ்ச சனத்துக்கு விளக்கவே தேவையில்ல: வரத்து ஒவ்வொரு நாளும், வான் பாயிறது சொட்டுச் சொட்டா. "ரத்தத்தில உக்காப் புளோரோச்சேர்வைத் தேக்கம்" எண்டு எழுதலாம்.

பின்னேரம் மாமி தாச்சி மினுக்கிக்கொண்டு இருக்கேக்க சொல்லிப் பாத்தன், புளோரோவை விட்டிட்டு சும்மா "உக்காச் சேர்வை" எண்டு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "உக்காட்டி எரிக்கலாமோ?" எண்டு கேட்டா. கோடியில குப்பை கொளுத்துற நெருப்புக்கு அது மசியாது, ஆயிரம் பாகை செல்சியஸ் அளவில சூடு வேணும் எண்டன். ஆனா பாருங்கோ, இந்தமுறை கிணத்தைப் பற்றி அவ வாயே திறக்கேல்ல. எனக்கு உது காணும்.