103.5 மணித்தியாலங்கள்: ஒன்ராறியோவில் ஏ.இசட். எடுத்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: புதிய சாரதி

கனடாவின் ஒன்ராறியோவில் பெரிய பாரவூர்தி ஓடுவதற்கான ஏ வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்கு (காற்று பிரேக்குக்கான இசட் அனுமதியும் சேர்ந்தால் ‘ஏ.இசட்.’) வீதிப் பரீட்சை எடுப்பதாயின், முதலில் அரசு வரையறுத்த ஆரம்பநிலைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியை எங்கள் ஆட்கள் ‘மெல்ட்’ என்பார்கள். குறைந்தது 103.5 மணித்தியாலங்கள். எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் புதிதாகச் சேர்பவர்களுக்கு உதவும்.

சாதாரண கார் ஓடுவதற்கான முழு ஜீ அனுமதிப்பத்திரம், மருத்துவ அறிக்கை, கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இருக்கவில்லை. வகுப்பறைப் பாடமும் பரவாயில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. ஒரு வண்டிக்கு நான்கு மாணவர்கள். ஒருவர் ஓட, மூவர் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். காலை எட்டு மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்குத் திரும்பினால், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இராது. கடைசி வாரத்தில் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். அதில் ஒவ்வொரு நாளுக்கும் என் பெயரில் முழு மணித்தியாலங்கள் எழுதப்பட்டிருந்தன. கையொப்பம் இட்டால்தான் பரீட்சைக்கு நாள் எடுக்கலாம் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் படிக்க வந்தவன் நான். இட்டுவிட்டேன். இரண்டாவது தடவையில் பரீட்சையும் சித்தியடைந்தேன். ஆனால் முதல் வேலையில், இருட்டில், இரண்டு றெயிலர்களுக்கு நடுவில் பின்நோக்கி எடுத்து நிறுத்தச் சொன்னபோது என் கைகள் நடுங்கின.

மறுமொழி: 2009 இலிருந்து ஓடுபவர்

தம்பி, நீங்கள் குறைபட்டுக்கொள்ளும் அந்த மணித்தியாலங்கள்கூட எங்கள் காலத்தில் இருக்கவில்லை. தெரிந்த அண்ணா ஒருவர் ஆறு நாள் பழக்கினார், ஏழாம் நாள் பரீட்சை. எந்தத் தெருவால் கூட்டிப்போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால், அந்தத் தெருக்களில் ஓடத்தான் பழகினோம்.

அதன் விலையை நான் முதல் குளிர்காலத்திலேயே கொடுத்தேன். றெயிலரைக் கொளுவும்போது ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்டது, அது போதும் என்று நினைத்தேன். கீழே குனிந்து, டோர்ச் அடித்து, ஐந்தாம் சில்லின் (வண்டியின் பின்புறம் றெயிலரைப் பூட்டும் தட்டு) தாடைகள் றெயிலரின் அடியிலுள்ள கிங்பின் என்ற ஆணியைச் சுற்றிப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பதோ, றெயிலரின் பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியை மெதுவாக முன்னே இழுத்துச் சோதிக்க வேண்டும் என்பதோ எனக்குப் பழக்கப்படவில்லை. றெயிலரின் முன்கால்களைச் சுற்றி உயர்த்திவிட்டு வளவின் வாசலில் திரும்பியபோது, றெயிலர் கழன்று மூக்குக் குத்தி விழுந்தது. யாரும் அருகில் நிற்கவில்லை. நிறுவனம் என்னை அன்றே நிறுத்திவிட்டது. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது என்னுடன் வரும் புதியவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் ஓடும் வேகத்தை அல்ல, புறப்படுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வருகிறார்களா என்பதைத்தான். மெல்ட் முடித்தவர்கள் பெரும்பாலும் வருகிறார்கள். பிரேக்கின் காற்றழுத்தத்தைக் குறைத்து, 60 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் எச்சரிக்கை ஒலி வருகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்த விதியை நான் மதிக்கிறேன்.

மறுமொழி: பயிற்றுநர்

நான் சில வருடங்களாகப் பயிற்றுநராக இருக்கிறேன். 103.5 மணித்தியாலங்களும் ஒரே வகையானவை அல்ல என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள். 36.5 வகுப்பறைக்கு, 17 வளவில் வண்டியைப் பரிசோதிப்பது போன்ற வேலைகளுக்கு, மிகுதி 50 வண்டியை நீங்களே இயக்கிப் பழகுவதற்கு. மற்றவர் ஓடுவதைப் பார்த்திருந்த நேரத்தை இந்த 50 இல் சேர்ப்பது பொய்க்கணக்கு. கட்டணம் வழமையைவிட மிகக் குறைவாக இருந்தால், வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த 50 தான், ஏனெனில் டீசலும் பயிற்றுநர் சம்பளமும் அங்கேதான் செலவாகின்றன.

இன்னொன்று: தானியங்கி கியர் வண்டியில் பரீட்சை எடுத்தால் உங்கள் அனுமதிப்பத்திரமும் அதற்கே கட்டுப்படுத்தப்படும். பணம் கட்டுவதற்கு முன்னர் எந்த வண்டி என்று கேளுங்கள்.

விதி ஏன் வந்தது என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் ஹம்போல்ட் விபத்தைச் சொல்வதுண்டு, ஆனால் காலவரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ விதி அதற்கு முந்தியது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவானில், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு சாரதி, இரண்டு றெயிலர்களுடன் நிறுத்தற் குறியைத் தாண்டிச் சென்றதில், ஹம்போல்ட் நகர ஹொக்கி அணியின் பேருந்து மோதி 16 பேர் இறந்தார்கள். அப்போது சஸ்கச்சுவானிலும் அல்பேர்ட்டாவிலும் கட்டாயப் பயிற்சி இருக்கவில்லை. 2019 மார்ச்சில் இரண்டு மாகாணங்களும் அதைக் கொண்டுவந்தன.

ஒன்ராறியோவிலும் ஓட்டை இருக்கிறது. 2019 இல் மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, நிறுவனங்கள் தங்கள் சாரதிகளைத் தாங்களே பரீட்சித்தபோது 95 சதவீதம் பேரும், பொதுப் பரீட்சை நிலையங்களில் 69 சதவீதம் பேரும் சித்தியடைந்ததைச் சுட்டிக்காட்டியது. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பயிற்றுநர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மறுமொழி: புதிய சாரதி

அண்ணா, நீங்கள் சொன்ன டோர்ச் விடயத்தை அன்றிரவே செய்து பார்த்தேன், தாடை பூட்டியிருந்தது. என் அக்காவின் மகன் அடுத்த மாதம் பயிற்சியில் சேருகிறான். பயிற்றுநர் ஐயா சொன்ன 50 மணித்தியாலங்களை அவன் தனிக் கொப்பியில் எழுதப்போகிறான்: எத்தனை மணிக்கு ஏறினான், எத்தனை மணிக்கு இறங்கினான், யார் பக்கத்தில் இருந்தார்கள். பதிவேட்டை நீட்டும் நாளில் அந்தக் கொப்பியையும் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.